மேலே போவதற்கு இங்கிலீஷில் எத்தனை ‘அப்’? கதை எழுதும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

ஹைரேஞ்சு_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். இடுக்கி மாவட்டத்தில் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். பிள்ளைகள் பெரும்பாலும் தேயிலை எஸ்டேட் லயத்தில் இருந்தும் ஏலத்தோட்டங்களில் இருந்தும் வருகிறவர்கள். இங்கே பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒரு நிகழ்ச்சியைக் கதைபோல எழுதச் சொல்லும் கேள்வி வரும். அவர்களிடம் விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. யானை இறங்கியது, ரோட்டில் மண் சரிந்தது, ராத்திரியில் ஓடை பெருகியது, எல்லாம் கண்ணால் பார்த்தவை. தமிழில் சொல்லச் சொன்னால் வகுப்பே வாயைப் பிளந்து கேட்கும்.

அதையே இங்கிலீஷில் எழுதும்போது மேலே போகிற எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: ‘கிளைம்ப்’. அம்மா விடியற்காலையில் ஜீப்பை ‘கிளைம்ப்’ செய்கிறாள். அண்ணன் படிக்கட்டை, தங்கச்சி கட்டிலை, ஏலக்காய் விலை, தம்பியின் காய்ச்சல் என்று எல்லாமே ‘கிளைம்ப்’. தமிழில் இத்தனைக்கும் ‘ஏறு’ போதும், அதனால் வருவது என்று புரிகிறது. கைடு புத்தகத்தில் ‘ஃப்ரேஸல் வெர்ப்’ (வினையோடு ‘அப்’, ‘டவுன்’ மாதிரிச் சின்னச் சொல் சேர்ந்தது) என்று அகரவரிசைப் பட்டியல் போட்டு எதிரே தமிழ் அர்த்தம் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், அடுத்த வாரமே மறந்துபோகிறது. கதை எழுதும்போது அதில் ஒன்றுகூடக் கைகொடுப்பதில்லை.

பட்டியல் இல்லாமல் இதைச் சொல்லித்தர வழி இருக்கிறதா? மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏறுவதும் இறங்குவதும்தான் வாழ்க்கை. அதை எழுத அவர்களுக்குச் சொல் வேண்டும்.

கம்பம்மெட்டு_ஜீப்:

டீச்சர், ஜீப் விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். கம்பத்தில் இருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவதுதான் தொழில். சீசனில் வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள். ஜீப்பில் ஏறுவதை அவர்கள் ‘கெட் இன்’ என்பார்கள், பஸ் என்றால் ‘கெட் ஆன்’. இறங்கும்போது ஜீப்புக்கு ‘கெட் அவுட்’, பஸ்ஸுக்கு ‘கெட் ஆஃப்’. நாம் பஸ்ஸுக்குச் சொல்கிற ‘கெட் டவுன்’ அவர்கள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ஆளை ஏற்றிக்கொள்வது ‘பிக் அப்’, ஓரங்கட்டி நிறுத்துவது ‘புல் அப்’. அந்த ‘புல் அப்’பில் எது மேலே போகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கோட்டை_வாத்தியார்:

தம்பி, ‘புல் அப்’ குதிரைக் காலத்துச் சொல். கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் குதிரை நிற்கும். குதிரை போய் மோட்டார் வந்த பிறகும் சொல் அப்படியே நின்றுவிட்டது.

வண்டிகளுக்குப் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லலாம். உள்ளே எழுந்து நடமாட முடிகிற பஸ், ரயில், கப்பல், விமானம் எல்லாவற்றுக்கும் ‘ஆன்’. காலைத் தூக்கிப் போட்டு உட்காருகிற சைக்கிள், பைக், குதிரைக்கும் ‘ஆன்’. குனிந்து நுழைந்து உட்காருகிற கார், ஜீப், ஆட்டோவுக்கு ‘இன்’. ‘கெட் டவுன்’ இந்தியாவில் பரவலாகப் பஸ்ஸுக்கும் வழங்குகிறது. பிரிட்டனில் அது மரம், ஏணி, மேஜை மாதிரி உயரத்தில் இருந்து இறங்குவதற்கு.

டீச்சர், ஜீப்புக்கு ‘கிளைம்ப்’ எழுதினால் முழுசாகச் சிவப்பு மை போட வேண்டாம். ‘கிளைம்ப்டு இன்டு த ஜீப்’ நல்ல வாக்கியம். கம்பியைப் பிடித்து, காலை உயர்த்தி, கூடையையும் தூக்குவாளியையும் சமாளித்து ஏறியது அதில் தெரியும். ‘இன்டு’ விட்டுப்போனால்தான் கோளாறு. ‘கிளைம்ப்டு த ஜீப்’ என்றால் ஜீப்பின் கூரை மேல் ஏறினாள் என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார்.

போடி_மொழியியல்:

அக்கா, இதைப் பற்றி வகுப்பில் விவரமாகப் படித்திருக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒருவர் நகர்வதைச் சொல்ல இரண்டு செய்தி வேண்டும். எந்தப் பக்கம் போனார் என்பது ஒன்று, எப்படிப் போனார் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் எங்கே வைப்பது என்பதில் மொழிகள் வேறுபடும். லியனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1985-இல் இருந்து இதை விரிவாக எழுதியிருக்கிறார். தமிழில் திசை வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஏறு, இறங்கு, நுழை, கட எல்லாம் திசையைச் சொல்லும் வினைகள். எப்படி என்பதைச் சொல்ல வேண்டுமானால் முன்னால் ஒன்று சேர்க்கிறோம்: ஓடி ஏறினான், தவழ்ந்து ஏறினான், தொற்றி ஏறினான். சேர்க்காவிட்டாலும் வாக்கியம் முழுமையாகத்தான் இருக்கும். ஸ்பானிஷ், துருக்கி, ஜப்பானிய மொழிகளும் ஏறக்குறைய இதே வழி.

இங்கிலீஷ் நேர்மாறு. அங்கே வினைச்சொல் ‘எப்படி’ என்பதைச் சொல்லும். திசை பின்னால் வரும் சின்னச் சொல்லில் இருக்கும். ‘ரன் அப்’ என்றால் ஓடி ஏறுவது, ‘க்ரால் அப்’ ஊர்ந்து ஏறுவது, ‘ஸ்க்ராம்பிள் அப்’ கையும் காலும் ஊன்றிச் சறுக்கிச் சறுக்கி ஏறுவது, ‘ட்ரட்ஜ் அப்’ அசதியில் காலை இழுத்து இழுத்து ஏறுவது. நான்கிலும் ‘அப்’ ஒன்றேதான். மாறுவது முன்னால் இருக்கும் வினை.

டான் ஸ்லோபின் என்ற மொழி ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் சொற்களே இல்லாத ஒரு படக்கதையைக் காட்டி, பல நாட்டுப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அவரவர் மொழியில் கதை சொல்ல வைத்தார்கள். தவளையைத் தேடிப் போகும் ஒரு பையன் கதை. இங்கிலீஷ் பேசுகிறவர்கள் எப்படி நகர்ந்தான் என்பதைக் காட்டும் வினைகளை நிறையப் பயன்படுத்தினார்கள். ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் அவற்றைக் குறைவாகப் பயன்படுத்தி, இடத்தையும் சூழலையும் அதிகம் வர்ணித்தார்கள். இதில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை. கேட்கிறவர் எதை எதிர்பார்க்கிறார் என்பது மொழிக்கு மொழி மாறுகிறது, அவ்வளவுதான்.

அதனால் பிள்ளைகளிடம் ‘ஏறினாள் என்பதற்கு இங்கிலீஷ் என்ன’ என்று கேட்காதீர்கள் அக்கா. ‘எப்படி ஏறினாள்’ என்று கேளுங்கள். அந்தப் பதிலை வினையாக எழுதச் சொல்லி, பின்னால் ‘அப்’ போடச் சொல்லுங்கள். ‘எப்படி’ என்று சொல்வதற்கு அவர்களிடம் சரக்கு ஏராளம் இருக்கிறது. தமிழில் அந்த வேலையை இரட்டைக்கிளவி அழகாகச் செய்கிறது. சரசரவென மரத்தில் ஏறினான், தடதடவெனப் படியேறினான், குபுகுபுவெனப் புகை கிளம்பியது. அந்தச் சரசரவையும் தடதடவையும் இங்கிலீஷ்காரர்கள் வினைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். சரசரவென ஏறினான் என்றால் ‘ஸ்கேம்பர்டு அப்’. தடதடவென ஏறினான் என்றால் ‘தண்டர்டு அப்’ அல்லது ‘பவுண்டட் அப்’. குபுகுபுவெனக் கிளம்பிய புகைக்கு ‘பில்லோடு அப்’. பிள்ளைகள் தமிழில் எந்த இரட்டைக்கிளவி போடுவார்கள் என்று முதலில் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

சூரியநெல்லி_கைடு:

இது ரொம்ப உபயோகமான பதிவு. கொழுக்குமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறவன் நான். சூரியநெல்லியில் இருந்து ஜீப்பில் போகும்போது கல்லும் குழியுமாக வண்டி குலுங்கிக் குலுங்கி ஏறும். அதை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ‘வீ பம்ப்டு அண்ட் ஜோல்டட் அப்’ என்று ஃபோனில் யாருக்கோ சொன்னார். ‘ஏறினோம்’ என்ற சொல்லே அதில் இல்லை. குலுங்கியதைச் சொல்லி ‘அப்’ போட்டார், முடிந்தது. அப்போதே இதைப் பற்றி யாரிடமாவது கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

ஹைரேஞ்சு_டீச்சர்:

போடித் தங்கச்சி, இன்றைக்கே ஒன்பதாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். ‘அப்பா மிளகு பறிக்க ஏறினார்’ என்று கரும்பலகையில் எழுதி, எப்படி ஏறினார் என்று கேட்டேன். எங்கள் பக்கம் மிளகுக்கு ஒற்றை மூங்கிலில் கால் வைக்கக் கட்டை செருகிய ஏணிதான். அதை மரத்தில் சாய்த்துக் கட்டி, கொடி நசுங்காமல், சாக்கை இடுப்பில் செருகிக்கொண்டு ஏற வேண்டும். எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, ‘ஒவ்வொரு கட்டையா கால் வச்சுப் பார்த்துப் பார்த்து ஏறுவாரு டீச்சர், மழை பேஞ்சா பாசி வழுக்கும்’ என்றாள். இன்னொரு பையன் உடனே, ‘எங்க மாமா ஏணி இல்லாமலே மரத்தைக் கட்டிப் பிடிச்சு ஏறுவாரு’ என்றான்.

முதலாவதற்கு ‘இஞ்ச்டு அப் த லேடர்’ என்று கொடுத்தேன். அங்குலம் அங்குலமாக என்று சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவதற்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை, ‘கிளைம்ப்டு அப்’ என்றே விட்டேன். மரத்தைக் கைகளாலும் கால்களாலும் கட்டிப் பிடித்து ஏறுவதற்குத் தனியாக ஏதாவது இருக்கிறதா?

செங்கோட்டை_வாத்தியார்:

இருக்கிறது டீச்சர். பிரிட்டனில் ‘ஷின் அப்’, அமெரிக்காவில் ‘ஷின்னி அப்’. ‘ஷின்’ என்றால் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் உள்ள முன்பக்க எலும்பு. அந்த இடத்தை மரத்தோடு ஒட்டி அழுத்தி ஏறுவதால் வந்த பெயர். தளை போட்டுத் தென்னை ஏறுகிறவரைப் பற்றி எழுதவும் இதுதான் ஏற்ற சொல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டியல் வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். இலக்கணம் கொஞ்சம் வேண்டும். ‘ரான் அப் த ஹில்’, ‘ரான் அப் எ பில்’ இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். முதலாவது மலையில் ஓடி ஏறியது. இரண்டாவது கடையில் பாக்கி ஏற்றிக்கொண்டது. வித்தியாசம் ‘இட்’ போட்டுப் பார்த்தால் தெரியும். மலைக்கு ‘ரான் அப் இட்’ என்றுதான் வரும். பாக்கிக்கு ‘ரான் இட் அப்’. மலையில் ‘அப்’ மலையோடு சேர்ந்தது, பாக்கியில் ‘அப்’ வினையோடு சேர்ந்தது. இரண்டாவதுதான் இலக்கணக்காரர்கள் கறாராக ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்று சொல்வது. நம் பிள்ளைகள் ‘பிக் அப் இட்’ என்று எழுதுவது இது தெரியாததால்தான். ‘பிக் அப் த பேக்’ சரி, ‘பிக் த பேக் அப்’ சரி, ‘இட்’ வந்துவிட்டால் ‘பிக் இட் அப்’ ஒன்றுதான் வழி. கூடையைத் தரையில் வைத்து ஒரு பிள்ளையைத் தூக்கச் சொல்லி, வாய்விட்டுச் சொல்ல வைத்தால் போதும்.

புத்தடி_ஏலம்:

டீச்சர் முதல் பதிவில் ஏலக்காய் விலையைச் சொன்னதால் எழுதுகிறேன். ஏலக்காய்க்கு ஸ்பைசஸ் போர்டின் (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்) மின்னணு ஏலம் நடக்கும் இடங்கள் இரண்டு, கேரளத்தில் புத்தடி, தமிழ்நாட்டில் போடி. அந்த ஏலத்தின் விலை அறிக்கைகளும் இங்கிலீஷ் பத்திரிகைச் செய்திகளும் தினமும் என் மேஜைக்கு வரும். மேலே மொழியியல் தங்கச்சி சொன்னது விலைக்கும் அப்படியே பொருந்துகிறது. விலை கிடுகிடுவென ஏறினால் ‘ஷாட் அப்’. யார் கண்ணிலும் படாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் ‘க்ரெப்ட் அப்’. ஓரிரண்டு ரூபாய் என்றால் ‘எட்ஜ்டு அப்’. படுத்துக் கிடந்த வியாபாரம் மறுபடி சூடு பிடித்தால் ‘பிக்டு அப்’.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ‘பிட் அப்’. ‘பிட்’ என்றால் ஏலம் கேட்பது. வியாபாரிகள் போட்டி போட்டுக் கேட்டுக் கேட்டே விலையை மேலே ஏற்றிவிட்டார்கள் என்பதை இந்த இரண்டு சொல் சொல்லிவிடுகிறது. நாம் அதற்கு ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டியிருக்கிறது. ஏலத்தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது பேசுகிற பேச்சே அதுதான்.

கொழிஞ்சாம்பாறை_மொழிபெயர்ப்பு:

நான் இங்கிலீஷில் இருந்து தமிழுக்கும் மலையாளத்துக்கும் பெயர்க்கிறவன், அதனால் எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒரு எச்சரிக்கை. ‘அப்’ என்று கண்டாலே ‘மேலே’ என்று எழுதிவிடுவது மொழிபெயர்ப்பில் நான் அதிகம் திருத்துகிற இடம். ‘ஹி கேம் அப் டு மி’ என்றால் மேலே வரவில்லை, கிட்டே வந்தார். ‘டர்ன்டு அப்’ திடீரென்று வந்து நின்றது. ‘ஏட் அப்’ மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தது. இந்த மூன்றாவதில் ‘அப்’ செய்கிற வேலையைத் தமிழில் ‘தீர்’, ‘முடி’, ‘விடு’ போன்ற துணைவினைகள் செய்கின்றன. குடித்து முடித்தான், செலவழித்துத் தீர்த்தான் என்கிற மாதிரி.

‘வென்ட் அப் டு லண்டன்’ இன்னொரு கண்ணி. தலைநகருக்குப் போவதை ‘அப்’ என்பது அங்கே பழைய வழக்கம். பிரிட்டிஷ் ரயில்வேயில் லண்டனை நோக்கிப் போகும் பாதை ‘அப்’, லண்டனில் இருந்து வெளியே வருவது ‘டவுன்’. தரை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே கணக்கில்லை.

எல்லைப்பக்கம் இருக்கிற நமக்கு இது புதிதில்லை. தமிழில் மேற்கு ‘மேல்’ என்பதில் இருந்தும், கிழக்கு ‘கீழ்’ என்பதில் இருந்தும் வந்தவை. மலை மேற்கில் இருக்கிற கம்பத்துக்கும் போடிக்கும் அது கச்சிதம். மலை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் மலை கிழக்கே வந்துவிடுகிறது, ஆனாலும் மலையாளத்தில் அந்தத் திசைக்குப் பெயர் ‘கிழக்கு’தான். மேற்குக்கு மட்டும் ‘படிஞ்ஞாறு’, ஞாயிறு படிகிற திசை. மலையாளம் பேசுகிறவர்களின் மொழி மலைக்குக் கிழக்கே இருந்து வந்தது என்பதற்கு கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதைச் சான்றாகக் காட்டினார்.

டீச்சருக்கு இன்னொரு தகவலும் உதவும். மலையாளத்தில் ‘கயறுக’ என்றால் ஏறுவது மட்டும் இல்லை, நுழைவதும்தான். வீட்டு வாசலில் ‘கேறி வா’ என்றால் உள்ளே வா. கடைக்குள் போவதற்கும் அதே சொல். உங்கள் வகுப்பில் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசுகிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் கடைக்கு ‘கிளைம்ப்’ எழுதினால் காரணம் இதுவாக இருக்கும்.

வண்டிப்பெரியார்_அப்பா:

எல்லாம் படித்தேன், நன்றாக இருக்கிறது. என் மகள் இந்த வருஷம் பத்தாவது. ஒரு பெற்றோராகச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். ஸ்கேம்பர், ஷின், பில்லோ எல்லாம் தேர்வு அறையில் அவளுக்கு ஞாபகம் வருமா? எழுத்துப் பிழை வந்தால் மதிப்பெண் போகும். கெட் அப், கோ அப், கம் அப், ஸ்டாண்ட் அப், பிக் அப் என்று ஐந்தை நன்றாகப் பழக்கினால் போதாதா?

போடி_மொழியியல்:

அண்ணே, உங்கள் கவலை நியாயம். ‘கோ அப்’பும் ‘கம் அப்’பும் கைவராமல் ‘ஸ்கேம்பர்’ போய் ஒட்டாது. ஆனால் நீங்கள் சொன்ன ஐந்திலேயே நுணுக்கம் இருக்கிறது. காலையில் எழுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கண் விழிப்பது ‘வேக் அப்’. படுக்கையிலேயே நிமிர்ந்து எழுந்து உட்காருவது ‘ஸிட் அப்’. படுக்கையை விட்டு எழுவது ‘கெட் அப்’. உட்கார்ந்திருந்தவர் எழுந்து நிற்பது ‘ஸ்டாண்ட் அப்’. ராத்திரியில் யானைச் சத்தம் கேட்டு அம்மா எழுந்து உட்கார்ந்தாள் என்று உங்கள் மகள் கதை எழுதினால், அங்கே ‘கெட் அப்’ போட்டால் அம்மா கட்டிலை விட்டு இறங்கிவிடுவாள், கதையே மாறிவிடும். ‘ஸாட் அப்’ என்றால்தான் சரி. எழுத்துக்கூட்டக் கடினமான சொல் ஒன்றுகூட இதில் இல்லை.

தெரிந்த வினைகளே போதும் என்பது நிஜம். நட, ஓடு, குதி, இழு, தள்ளு இவற்றுக்கு இங்கிலீஷ் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பின்னால் ‘அப்’ சேர்த்தால் வாக், ரன், ஜம்ப், புல், புஷ் ஐந்தும் மேலே போகத் தொடங்கிவிடும்.

வண்டிப்பெரியார்_அப்பா:

இது புரிகிறது தங்கச்சி. இன்று ராத்திரியே மகளிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

ஹைரேஞ்சு_டீச்சர்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ‘எப்படி’ என்ற கேள்வியை வகுப்புச் சுவரில் சார்ட்டாகவே ஒட்டப்போகிறேன். வண்டிப்பெரியார் அண்ணன் சொன்னதும் மனதில் நிற்கிறது. முதலில் தெரிந்த வினைகள், அப்புறம் ஆசைப்படுகிற பிள்ளைகளுக்குப் புதிய சொற்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. ஒரு பையன் ‘கிளைம்ப்டு டவுன் த ட்ரீ’ என்று எழுதியிருந்தான். ‘ஏறி இறங்கினான்’ என்று நினைத்து எழுதினானா தெரியவில்லை. ‘கிளைம்ப்’ என்றால் ஏறுவதுதானே, அதோடு ‘டவுன்’ சேருமா? இன்னொருத்தி ‘அஸென்டெட் த ஸ்டேர்ஸ்’ என்று எழுதியிருந்தாள், அகராதியில் பார்த்தாளாம். அதற்கு என்ன செய்வது?

செங்கோட்டை_வாத்தியார்:

‘கிளைம்ப்டு டவுன்’ முழுக்கச் சரி டீச்சர், பையனுக்கு மதிப்பெண் போடுங்கள். இங்கிலீஷில் ‘கிளைம்ப்’ என்பதில் பற்றிப் பிடித்துக் காலை மாற்றி மாற்றி வைக்கிற விதமும் அடங்கியிருக்கிறது. தனியாக வந்தால் மேலே போவதாகக் கொள்வார்கள், ‘டவுன்’ சேர்த்தால் அதே விதத்தில் கீழே வருவது. தமிழ் ‘ஏறு’ அப்படி வளையாது. ஒன்று மட்டும் கவனியுங்கள், கீழே வரும்போது அந்தப் பற்றிப் பிடிப்பது கட்டாயம் வேண்டும். மரத்தில் இருந்தோ ஏணியில் இருந்தோ இறங்கினால் ‘கிளைம்ப்டு டவுன்’. காய்ச்சலும் விலையும் இறங்குவதற்கு அது வராது, அங்கே ‘கேம் டவுன்’ அல்லது ‘வென்ட் டவுன்’.

‘அஸென்ட்’ லத்தீனில் இருந்து வந்தது. ‘டிஸென்ட்’, ‘என்டர்’ எல்லாம் அந்தக் குடும்பம். நம் ‘ஏறு’ மாதிரித் திசையை உள்ளேயே வைத்திருக்கும் வினைகள், அதனால்தான் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவை சுலபமாக வருகின்றன. தவறு என்று அடிக்காதீர்கள். அரசர் அரியணை ஏறுகிற கதை என்றால் அப்படியே இருக்கட்டும். தண்ணீர்க் குடத்தோடு லயத்துப் படியில் ஏறுகிற பாட்டி என்றால், எப்படி ஏறினாள் என்று அந்தப் பெண்ணையே கேளுங்கள்.